ஹேவ்லாக் கடலடியில் ஒரு பரிணாமப் பாடம்: விலங்குகளின் உடலமைப்பை மரபணுப் பிரதிகள் செதுக்கியது எப்படி?

ஸ்வராஜ் தீவு (ஹேவ்லாக்): அந்தமானின் ஹேவ்லாக் தீவைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலில் முக்குளிப்பவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் பவளம், கடற்பஞ்சு, நண்டு, ஆக்டோபஸ், திருக்கை, கோமாளி மீன் எனப் பல வகை உயிரினங்களைப் பார்த்துவிட முடியும். ஒன்றுக்கொன்று சற்றும் ஒத்திராத இந்த உடல்கள் அனைத்தும் ஒரே மூதாதையரிடமிருந்து கிளைத்தவை. அப்படியானால் இத்தனை வடிவங்களுக்கான மரபணுக்கள் எங்கிருந்து வந்தன? இக்கேள்விக்குக் கடந்த நூறாண்டு கால ஆய்வுகள் அளித்துள்ள முக்கியமான விடைகளுள் ஒன்று ‘மரபணு இரட்டிப்பு’. பழைய மரபணு தவறுதலாக இருமுறை நகலெடுக்கப்பட்டு, அந்தக் கூடுதல் பிரதி புதிய வேலையைக் கற்றுக்கொள்வதே அதன் சாரம்.

இதை இன்று அறிந்துகொள்வதற்கு ஓர் அவசரமும் இருக்கிறது. பல கோடி ஆண்டுகளில் சேர்ந்த இந்த மரபணுச் சேமிப்பைத் தாங்கி நிற்கும் அந்தமான் பவளத்திட்டுகள், கடல் வெப்பம் உயர்வதால் மீண்டும் மீண்டும் வெளிறி வருகின்றன.

ஒரு தீவு, பல உடல்கள்

ஸ்ரீ விஜயபுரம் என 2024-ல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து சுமார் 40 கி.மீ. வடகிழக்கே, ரிச்சி தீவுக்கூட்டத்தில் அமைந்துள்ளது ஹேவ்லாக். 2018 டிசம்பர் 30-ல் இதற்கு ஸ்வராஜ் தீவு எனப் பெயர் சூட்டப்பட்டது. பயணிகளிடையே பழைய பெயரும் வழக்கில் உள்ளது. இதே தீவுக்கூட்டத்தில் ராணி ஜான்சி கடல் தேசியப் பூங்காவும் இருக்கிறது.

இங்குள்ள உயிரினங்களை உடலமைப்பின்படி வரிசைப்படுத்தினால் ஒரு படிக்கட்டு போன்ற காட்சி கிடைக்கும். கடற்பஞ்சுக்கு நரம்பும் இல்லை, தசையும் இல்லை. பவளத்துக்கும் கடற்சாமந்திக்கும் நரம்புகள் உண்டு, தலை கிடையாது. நண்டின் உடல் கண்டங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு கண்டத்திலும் தனித்தனிக் கால்களைக் கொண்டுள்ளது. திருக்கைக்குத் தாடையும் குருத்தெலும்பும் உள்ளன. கோமாளி மீனுக்குக் கடினமான எலும்பு உண்டு. கரையேறி ஓய்வெடுக்கும் கடல் கட்டுவிரியனுக்கு எலும்பு உண்டு, கால் இல்லை. இந்தப் படிக்கட்டில் மேலே இருப்பது உயர்ந்தது, கீழே இருப்பது தாழ்ந்தது என்று பொருள் இல்லை. ஒவ்வொன்றும் தன் வாழிடத்தில் வெற்றி பெற்ற வடிவமே.

மரபணு இரட்டிப்பு என்றால் என்ன?

உயிரணு பிரியும்போது அதன் டி.என்.ஏ. முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. இனப்பெருக்க அணுக்கள் உருவாகும்போது குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. இந்தப் பரிமாற்றத்தில் இரு குரோமோசோம்களும் சரியாக ஒத்து நிற்காமல் சற்றே விலகி நின்றால், ஒன்றில் ஒரு மரபணு இருமுறை இடம்பெறும். மற்றொன்றில் அது விடுபட்டுப் போகும். அடுத்தடுத்து ஒரே மரபணு நிற்கும் இந்த நிலை ‘தொடர் இரட்டிப்பு’ எனப்படுகிறது.

சில நேரங்களில் மரபணுவின் செய்தி நகலான ஆர்.என்.ஏ. மீண்டும் டி.என்.ஏ.வாக மாறி, மரபணுத் தொகுதியின் வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இது இரண்டாவது வழி. மூன்றாவது வழி அரிதானது, ஆனால் விளைவில் மிகப் பெரியது. அணுப் பிரிவில் ஏற்படும் பிழையால் ஓர் உயிரினத்தின் எல்லாக் குரோமோசோம்களும் ஒரே நேரத்தில் இரட்டிப்பாகின்றன. இதுவே ‘முழு மரபணுத்தொகுதி இரட்டிப்பு’.

கூடுதல் பிரதியால் என்ன பயன் என்ற கேள்வி எழலாம். ஒரு மரபணு இன்றியமையாத வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது அதில் ஏற்படும் பெரிய மாற்றம் உயிருக்கே ஆபத்தாகும். எனவே இயற்கைத் தேர்வு அந்த மாற்றத்தை அகற்றிவிடும். இரு பிரதிகள் இருந்தால் ஒன்று பழைய வேலையைத் தொடரலாம், மற்றொன்று மாறுவதற்கு இடம் கிடைக்கும். வீட்டுக்கு ஒரே சாவி இருந்தால் அதை ராவிப் பார்க்க யாரும் துணிய மாட்டார்கள். மாற்றுச் சாவி ஒன்று கையில் இருந்தால் முயன்று பார்க்கலாம்.

ஹால்டேன் முதல் ஓனோ வரை

இந்தக் கருத்தை முன்வைத்த முன்னோடிகளுள் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். கூடுதல் மரபணுப் பிரதிகள் பரிணாமத்துக்கு உதவக்கூடும் என்பதை அவர் 1930-களின் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டினார். பிரிட்டனில் பிறந்த அவர் 1957-ல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றினார். பின்னர் இந்தியக் குடியுரிமை பெற்று, 1964-ல் புவனேஸ்வரில் மறைந்தார்.

1936-ல் கால்வின் பிரிட்ஜஸ், பழ ஈயின் கண் குறுகிப்போவதற்கு அதன் குரோமோசோமில் ஒரு பகுதி இரட்டிப்பானதே காரணம் எனக் காட்டினார். பிரதி எடுத்தல் உடலின் வடிவத்தையே மாற்றும் என்பதற்கு இது கண்கூடான சான்றாக அமைந்தது.

ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த சுசுமு ஓனோ அமெரிக்காவில் பணியாற்றியபோது, 1970-ல் மரபணு இரட்டிப்பு வழியான பரிணாமம் பற்றித் தனி நூலே எழுதினார். முதுகெலும்பிகளின் தோற்றத்துக்கு முழு மரபணுத்தொகுதி இரட்டிப்புகளே அடித்தளம் இட்டன என்பது அவர் முன்வைத்த துணிச்சலான வாதம். மரபணுத் தொகுதியைப் படிக்கும் கருவிகள் இல்லாத அந்தக் காலத்தில் இதை உறுதிப்படுத்த வழி இல்லை. அதற்கு மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

உடலின் வரைபடத்தைத் தாங்கும் ‘ஹாக்ஸ்’ மரபணுக்கள்

வளரும் கருவில் எது தலை, எது மார்பு, எது வால் என்பதைத் தீர்மானிப்பதில் ‘ஹாக்ஸ்’ எனப்படும் மரபணுக்களுக்கு முதன்மைப் பங்கு உண்டு. இவை மற்ற மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் வல்லவை. இவை குரோமோசோமில் வரிசையாக அமைந்துள்ளன. அந்த வரிசையும் உடலில் அவை செயல்படும் வரிசையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. வரிசையின் ஒரு முனையில் உள்ளவை தலைப்பக்கத்திலும், மறுமுனையில் உள்ளவை வால் பக்கத்திலும் செயல்படுகின்றன.

அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் லூயிஸ் பழ ஈக்களை ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார். பழ ஈக்கு இரண்டு இறக்கைகளே உண்டு. இரண்டாம் இணை இறக்கைகளின் இடத்தில் பறக்கும்போது சமநிலை காக்கும் சிறு உறுப்புகள் இருக்கும். ‘அல்ட்ராபைதொராக்ஸ்’ என்ற ஒரே ஹாக்ஸ் மரபணுவின் செயல் அந்தக் கண்டத்தில் குலைந்தால், ஈக்கு நான்கு இறக்கைகள் முளைத்துவிடும். அருகருகே நிற்கும் இந்த மரபணுக்கள் ஒரே மூல மரபணுவின் தொடர் இரட்டிப்பால் தோன்றியிருக்க வேண்டும் என லூயிஸ் கருதினார். அவருக்கு 1995-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இந்தத் துறையில் இந்திய ஆய்வகங்களின் பங்கும் குறிப்பிடத்தக்கது. ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் எல்.எஸ். சசிதராவின் குழு, அல்ட்ராபைதொராக்ஸ் மரபணு எவ்வாறு இறக்கையைச் சமநிலை உறுப்பாக மாற்றுகிறது என்பதை ஆராய்ந்தது. அதே மையத்தில் ராகேஷ் மிஸ்ராவின் குழு, ஹாக்ஸ் மரபணுக்களைப் பிரித்து நிறுத்தும் டி.என்.ஏ. எல்லைப் பகுதிகள் குறித்து ஆய்வுகள் மேற்கொண்டது.

ஒன்று நான்கானது

பழ ஈக்கு ஹாக்ஸ் மரபணுக்கள் 8. அவை ஒரே குரோமோசோமில் இரு பகுதிகளாக உள்ளன. மனிதருக்கு 39. அவை 2, 7, 12, 17 ஆகிய எண்கொண்ட குரோமோசோம்களில் நான்கு தொகுதிகளாக அமைந்துள்ளன. எலியிலும் இதே 39, இதே நான்கு தொகுதிகள்.

ஒரு தொகுதி நான்கானது எப்படி என்பதற்கான துப்பு, கடலோர மணலில் புதைந்து வாழும் ‘ஆம்பியாக்சஸ்’ என்ற சிற்றுயிரியிடம் கிடைத்தது. சில சென்டிமீட்டர் நீளமே உள்ள இதற்கு முதுகெலும்பு இல்லை, தாடையும் இல்லை. ஆனால் முதுகெலும்பிகளின் நெருங்கிய உறவினர் இது. சென்னைக் கடலோரத்திலும் இவ்வகை உயிரிகள் காணப்படுகின்றன. 1994-ல் இதன் ஹாக்ஸ் மரபணுக்களை ஆராய்ந்தபோது அவை ஒரே தொகுதியாக இருப்பது தெரியவந்தது. ஆம்பியாக்சஸில் ஒன்று, தாடையுள்ள முதுகெலும்பிகளில் நான்கு. ஓனோ கூறியபடி மரபணுத்தொகுதி முழுவதும் இருமுறை இரட்டித்திருந்தால் கிடைக்கும் கணக்கும் இதுவே.

2008-ல் ஆம்பியாக்சஸின் முழு மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டபோது இந்தக் கணக்கு வலுப்பெற்றது. அதன் பல குரோமோசோம் பகுதிகளுக்கு மனித மரபணுத்தொகுதியில் நான்கு இணைப் பகுதிகள் காணப்பட்டன. தாடையற்ற மீன் இனங்களான லாம்ப்ரே, ஹேக்மீன் ஆகியவற்றை ஒப்பிட்ட அண்மைய ஆய்வுகள், முதல் இரட்டிப்பு எல்லா முதுகெலும்பிகளுக்கும் பொதுவானது என்றும், இரண்டாவது தாடையுள்ளவற்றின் கிளையில் நிகழ்ந்தது என்றும் காட்டுகின்றன. இவை நிகழ்ந்து 45 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன.

முழுத் தொகுதியும் ஒரே நேரத்தில் இரட்டிப்பதில் ஒரு சாதகம் உண்டு. மரபணுக்கள் தனித்து இயங்குவதில்லை. ஒன்றின் உற்பத்தி அளவும் மற்றொன்றின் அளவும் பொருந்தி இருக்க வேண்டும். ஒரு மரபணு மட்டும் இரட்டித்தால் அந்த விகிதம் கெடலாம். எல்லாமே இரட்டித்தால் விகிதம் பெருமளவு காக்கப்படும். எனவேதான் உடலை வடிவமைக்கும் ஒழுங்குமுறை மரபணுக்களின் பிரதிகள் இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின் அதிகம் எஞ்சியுள்ளன.

தாடையும் எலும்பும் வந்த வழி

ஹேவ்லாக் கடலில் ஒரு திருக்கை சிப்பியை உடைத்துத் தின்ன முடிவது, அதன் தாடையால். தாடையின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் ‘டி.எல்.எக்ஸ்’ குடும்பத்து மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. ஆம்பியாக்சஸில் இது ஒன்றே, பாலூட்டிகளில் ஆறு. 2002-ல் வெளியான ஆய்வொன்றில், எலிகளில் 5, 6 ஆகிய எண்கொண்ட டி.எல்.எக்ஸ் மரபணுக்களை நீக்கியபோது, கீழ்த்தாடை வளர வேண்டிய இடத்தில் மேல்தாடையைப் போன்ற அமைப்பே வளர்ந்தது. பிரதிகளுக்கிடையே ஏற்பட்ட வேலைப் பிரிவினையே ‘மேல்’, ‘கீழ்’ என்ற வேறுபாட்டைச் சாத்தியமாக்கியது என்பதற்கு இது வலுவான சான்று.

அடுத்தது எலும்பு. சுறாவுக்கும் திருக்கைக்கும் உள்ளெலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. இதன் காரணத்தைத் தேடி, சிங்கப்பூரின் மூலக்கூறு மற்றும் உயிரணு உயிரியல் கழகத்தைச் சேர்ந்த பைரப்பா வெங்கடேஷ் தலைமையிலான பன்னாட்டுக் குழு ‘யானைச் சுறா’ என்ற குருத்தெலும்பு மீனின் மரபணுத்தொகுதியை ஆராய்ந்து 2014-ல் முடிவுகளை வெளியிட்டது. எலும்புள்ள முதுகெலும்பிகளில் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்து எலும்பு உருவாக உதவும் ஒரு புரதக் குடும்பத்துக்கான மரபணுக்கள் யானைச் சுறாவில் இல்லை. அந்தக் குடும்பமோ, பழைய மரபணு ஒன்றின் தொடர் இரட்டிப்பால் எலும்பு மீன்களின் மூதாதையரில் தோன்றியது. அக்குடும்பத்தின் ஒரு மரபணுவை வரிக்குதிரை மீனில் செயலிழக்கச் செய்தபோது எலும்பு உருவாவது குறைந்தது.

பவளத்திட்டில் ஏன் இத்தனை வண்ண மீன்கள்?

எலும்பு மீன்களின் பெரும் பிரிவான டெலியோஸ்ட் மீன்களின் மூதாதையரில், 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மூன்றாவது முறையாக முழு மரபணுத்தொகுதியும் இரட்டித்தது. கோமாளி மீன், கிளி மீன், மத்தி, நெத்திலி, கெளுத்தி என நாம் அறிந்த பெரும்பாலான மீன்கள் இந்தப் பிரிவைச் சேர்ந்தவையே. கங்கைச் சமவெளி நீரோடைகளில் வாழ்வதும், 1822-ல் பிரான்சிஸ் ஹாமில்டன் விவரித்ததுமான வரிக்குதிரை மீன் இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படுகிறது. அதில் ஹாக்ஸ் தொகுதிகள் ஏழு. எட்டாவது காலப்போக்கில் அழிந்துவிட்டது. சால்மன் மீன்களின் மூதாதையரில் சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் நான்காவது இரட்டிப்பும் நிகழ்ந்தது.

இந்த மூன்றாம் இரட்டிப்புக்குப் பின் நிறமி அணுக்களுடன் தொடர்புடைய மரபணுக்களின் பிரதிகள், மற்றவற்றைவிட அதிக விகிதத்தில் தக்கவைக்கப்பட்டுள்ளன என ஒப்பீட்டு ஆய்வுகள் தெரிவிக்கின்றன. பவளத்திட்டு மீன்களின் பல்வண்ணக் கோலங்களுக்கு அந்த மூலப்பொருள் உதவியிருக்கலாம். எனினும் இரட்டிப்பு நடந்த காலத்துக்கும், இன்றைய மீன் இனங்கள் பெருகிய காலத்துக்கும் இடையே பல கோடி ஆண்டு இடைவெளி உள்ளது. ஆகவே இரட்டிப்பு உடனடிப் பெருக்கத்தைத் தரவில்லை, பின்னர் பயன்படும் வாய்ப்பையே விட்டுச்சென்றது என்பதே பல ஆய்வாளர்களின் பார்வை.

பிரதிகளின் மூன்று விதிகள்

இரட்டித்த மரபணுக்கள் எல்லாம் பயனுள்ளவையாக மாறுவதில்லை. பெரும்பாலான பிரதிகள் பிழைகள் சேர்ந்து செயலிழந்து மறைகின்றன. சில புதிய வேலையைப் பெறுகின்றன. வேறு சிலவற்றில், மூல மரபணு செய்த இரு வேலைகளை இரு பிரதிகளும் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்துகொள்கின்றன. அதன்பின் இரண்டில் எதையும் இழக்க முடியாது. இந்தப் ‘பாகப்பிரிவினை’ விளக்கத்தை 1999-ல் ஆலன் ஃபோர்ஸ், மைக்கேல் லிஞ்ச் உள்ளிட்டோர் முன்வைத்தனர்.

பிரதிகள் ஒன்றுக்கொன்று துணை நிற்பதும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நீல் ஷூபின் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், வரிக்குதிரை மீனின் 13-ஆம் வரிசை ஹாக்ஸ் மரபணுக்களின் பிரதிகளைச் சேர்த்து நீக்கியபோது, துடுப்பின் கதிர்கள் குறைந்து, உள்ளெலும்புகள் கூடின. அதே வரிசை மரபணுக்களே பாலூட்டிகளில் விரல்களை உருவாக்குகின்றன. மீனின் துடுப்பு முனைக்கும் மனிதரின் விரல்களுக்கும் ஒரே மரபணு வேர் இருப்பதை இது காட்டியது.

மனிதரில் இந்த வரிசையைச் சேர்ந்த ‘ஹாக்ஸ்-டி13’ மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால், விரல்கள் கூடுதலாகவும் ஒட்டியும் பிறக்கும் நிலை ஏற்படலாம் என்பது 1996-ல் கண்டறியப்பட்டது. மறுபுறம், கூடுதல் பிரதியே நோயாகவும் மாறக்கூடும். கை, கால் நரம்புகளைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு, 17-ஆம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி இரட்டிப்பதே காரணம் என 1991-ல் தெரியவந்தது. பரிணாமத்துக்கு மூலப்பொருளாகும் அதே நிகழ்வு, தனிமனித வாழ்வில் பெரும் சுமையாகவும் அமையலாம்.

நீந்திய யானையும் இருபது பிரதிகளும்

ஹேவ்லாக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, கடலில் நீந்திப் புகழ்பெற்ற ‘ராஜன்’ யானை. மரம் இழுக்கும் பணிக்காக அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த யானை, தன் கடைசிக் காலத்தை ஹேவ்லாக்கில் கழித்து 2016-ல் இறந்தது.

யானையின் உடலில் மனித உடலைவிடப் பல மடங்கு அணுக்கள் உள்ளன. ஒவ்வோர் அணுவும் புற்றாக மாறும் வாய்ப்புள்ளது என்றால், யானைகளுக்குப் புற்றுநோய் மிக அதிகமாக வர வேண்டும். ஆனால் அவ்வாறு வருவதில்லை. அமெரிக்காவின் இரு ஆய்வுக் குழுக்கள் 2015, 2016 ஆண்டுகளில் இதற்கு ஒரு விளக்கம் அளித்தன. சேதமடைந்த அணுவைத் தடுத்து நிறுத்தும் ‘டிபி53’ என்ற காவல் மரபணு மனிதரின் மரபணுத்தொகுதியில் ஒன்று. யானையிலோ சுமார் 20 பிரதிகள். இவற்றில் பெரும்பாலானவை ஆர்.என்.ஏ. வழியாக நகலெடுக்கப்பட்டு ஒட்டிக்கொண்டவை.

அந்தமான் நிகோபாரின் மாநில விலங்கான கடற்பசு, அதாவது ஆவுளியா, யானையின் நெருங்கிய உறவினர். பாக் நீரிணையிலும் வாழும் இதற்காகத் தமிழ்நாடு அரசு 2022-ல் நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகத்தை அறிவித்தது. எனினும் டிபி53 பிரதிகளின் பெரும் பெருக்கம் யானைகளின் கிளையில் மட்டுமே நிகழ்ந்தது. பேருடலைத் தாங்குவதற்கான விலையை மரபணுப் பிரதிகள் செலுத்தியுள்ளன என்று இதைக் கூறலாம்.

இரட்டிப்பு மட்டுமே காரணமா?

இல்லை என்பதே விடை. இதற்கு ஹேவ்லாக் கடலிலேயே பல சான்றுகள் உள்ளன.

முதலாவது நண்டு. நண்டு, இறால் போன்ற கடின ஓட்டு உயிரினங்களிடையே ஹாக்ஸ் மரபணுக்களின் எண்ணிக்கை பெரிதும் வேறுபடவில்லை. ஆனால் அவை உடலின் எந்தக் கண்டத்தில் செயல்படத் தொடங்குகின்றன என்பது மாறியுள்ளது. அந்த எல்லை பின்னோக்கி நகர்ந்த இனங்களில், முன்கால்கள் உணவைப் பற்றும் வாயுறுப்புகளாக மாறின. மைக்கேலிஸ் அவெரோஃப், நிபம் படேல் ஆகியோர் 1997-ல் இதை வெளியிட்டனர்.

இரண்டாவது கடல் கட்டுவிரியன். கால்களை வளர்க்கும் மரபணு பாம்புகளில் அழியவில்லை. அதைக் கால் வளரும் இடத்தில் இயக்கும் டி.என்.ஏ. விசையே சிதைந்துள்ளது. 2016-ல் பாம்பின் விசைப்பகுதியை எலியில் பொருத்தியபோது எலிக்குட்டிகளின் கால்கள் வளராமல் குறுகின.

மூன்றாவது, தமிழக மீனவர்கள் பேய்க்கணவாய் என அழைக்கும் ஆக்டோபஸ். 2015-ல் வெளியான அதன் மரபணுத்தொகுதியில் முழு இரட்டிப்புக்கான தடயம் காணப்படவில்லை. ஹாக்ஸ் மரபணுக்கள் தொகுதியாக இல்லாமல் சிதறிக் கிடந்தன. ஆனால் நரம்பணுக்களின் இணைப்புக்கு உதவும் ஒரு மரபணுக் குடும்பம் மட்டும் 168 உறுப்பினர்களாகப் பெருகியிருந்தது. முழுத் தொகுதியும் இரட்டிக்காமலேயே, தேவையான குடும்பம் மட்டும் பெருகிச் சிக்கலான மூளை உருவாக முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

நான்காவது சான்று ஒடிசா, மேற்கு வங்கக் கடலோரங்களில் வாழும் குதிரை லாட நண்டு. இதன் மூதாதையரில் முழு மரபணுத்தொகுதி ஒன்றுக்கும் மேற்பட்ட முறை இரட்டித்துள்ளது. ஆனாலும் இதன் புறத்தோற்றம் பல கோடி ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. மூலப்பொருள் கையில் இருப்பதனாலேயே புதிய வடிவம் பிறந்துவிடாது என்பதை இது நினைவூட்டுகிறது.

வெளிறும் பவளங்கள்: காலத்தோடு ஒரு போட்டி

பவளங்களின் வரலாற்றிலும் மரபணு இரட்டிப்புக்கு இடமுண்டு. கிளைப் பவளங்களான ‘அக்ரோபோரா’ பேரினத்தின் மூதாதையரில் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் முழு மரபணுத்தொகுதி இரட்டித்திருக்கக்கூடும் என 2019-ல் ஆய்வாளர்கள் கருத்துத் தெரிவித்தனர். பாறை போல் வளரும் ‘போரைட்டிஸ்’ பவளங்களில் தொடர் இரட்டிப்புகள் மிகுந்திருப்பதையும், நோய் எதிர்ப்பு தொடர்பான மரபணுக்கள் அவ்வாறு பெருகியிருப்பதையும் 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. நூற்றாண்டுகள் கடந்து வாழும் அவற்றின் ஆற்றலுக்கு இது உதவுவதாக அந்த ஆய்வு கருதுகிறது. இவ்விரு பேரினப் பவளங்களும் அந்தமான் பவளத்திட்டுகளில் உள்ளன.

கடல்நீர் வழக்கத்தைவிட வெப்பமாகும்போது, பவளத்தின் திசுக்களில் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகள் வெளியேற்றப்படுகின்றன. பவளம் நிறமிழந்து வெளிறுகிறது. வெப்பம் நீடித்தால் இறக்கிறது. 2010 மே மாதத்தில் அந்தமான் கடலின் வெப்பம் உயர்ந்தபோது அங்குள்ள பவளங்கள் பெருமளவில் வெளிறின. 1998, 2016 ஆண்டுகளிலும் அந்தமானில் வெளிறல் பதிவானது. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது பவள வெளிறல் நிகழ்வு நடந்துவருவதாக அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல ஆய்வு முகமை அறிவித்தது.

ஒரு மரபணு இரட்டித்து, மாறி, புதிய வேலைக்குப் பழக நெடுங்காலம் தேவைப்படுகிறது. கடலின் வெப்பமோ பத்தாண்டுக் கணக்கில் உயர்ந்து வருகிறது. ஆகவே புதிய இரட்டிப்புகள் பவளங்களைக் காக்கும் என எதிர்பார்க்க இயலாது. இன்றைய பவளங்களிடம் ஏற்கெனவே சேர்ந்துள்ள மரபணு வேறுபாடுகளே அவற்றுக்குக் கிடைக்கும் கைம்முதல். ஒரே திட்டில் சில பவளங்கள் இறக்க, அருகிலுள்ளவை பிழைப்பதற்கு இனம், மரபணு, அவற்றுடன் வாழும் பாசியின் வகை ஆகியவை காரணமாகின்றன. தாங்கும் திறனுடைய பவளங்களை இழந்தால், மீண்டு வருவதற்கான விதையையும் இழப்பதாகும்.

இதனால் நங்கூரம் இட்டுப் பவளத்தை உடைக்காமல் மிதவைகளில் படகுகளைக் கட்டுவது, பவளத்தின் மீது கால் வைக்காமல் முக்குளிப்பது, கழிவுநீரும் மண்ணும் கடலில் கலக்காமல் தடுப்பது போன்ற எளிய நடவடிக்கைகளும் பொருளுள்ளவை ஆகின்றன. இவை கடலைக் குளிர்விக்கா. ஆனால் வெப்பத்தைத் தாங்கி நிற்கும் பவளங்கள் மேல் வேறு சுமை ஏறாமல் காக்கும். வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது உலக நாடுகள் கரியமில வாயு வெளியீட்டைக் குறைப்பதைப் பொறுத்தது.

பவளம் முதல் மனிதர் வரை எல்லா விலங்குகளின் உடலும் பழையவற்றின் பிரதிகளை மாற்றியமைத்தே உருவாகியுள்ளது. பிரதியெடுக்க மூலம் ஒன்று இருக்க வேண்டும். ஹேவ்லாக்கின் ஆழமற்ற கடலில் இன்னும் உயிரோடு இருக்கும் அந்த மூலங்கள் எத்தனை எஞ்சும் என்பதை, அடுத்த சில பத்தாண்டுகளில் எடுக்கப்படும் முடிவுகளே தீர்மானிக்கும்.